ஐரோப்பியத் துணையுடன் சேர்ந்து வாழ: விசாவும் குடியிருப்பு உரிமையும்

ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவரை மணந்த இந்தியர், அவருடன் சேர்ந்து வாழப் புறப்படுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும். துணைவர் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்? இப்போது அவர் வசிப்பது அந்த நாட்டிலேயா, வேறு நாட்டிலா? கட்டணம், காகிதங்கள், மொழித் தேர்வு, வருமான வரம்பு, காத்திருக்கும் காலம் எல்லாமே இந்த இரண்டு விடைகளைப் பொறுத்தவை. புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலில் நிக்காஹ் முடித்த ஒரு பெண்ணின் கணவர் காரைக்காலைச் சேர்ந்த பிரெஞ்சுக் குடியுரிமையாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர் பாரிசில் வேலை பார்க்கும்வரை அந்தப் பெண்ணுக்குப் பொருந்துவது பிரான்சின் உள்நாட்டுச் சட்டம். அவரே வேலை மாறி ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிபோய்விட்டால், பொருந்துவது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். மாப்பிள்ளையும் பெண்ணும் அதே ஆட்கள்தான். விதிகள் அடியோடு வேறு.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்களுக்கு வளைகுடாவும் சிங்கப்பூரும் மலேசியாவும் பழகிய ஊர்கள். ஐரோப்பிய சம்பந்தம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, புதுச்சேரி, காரைக்கால் உறவு. பிரெஞ்சுப் பகுதிகள் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விருப்பம் தெரிவித்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, 1983க்குப் பிறகு அகதிகளாகப் போய் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் குடும்பங்கள். உடன் படித்தவரையோ உடன் வேலை பார்த்தவரையோ விரும்பி மணப்பவர்களும் இப்போது உண்டு.

வளைகுடாப் பழக்கத்தில் வரும் ஓர் எண்ணத்தை முதலிலேயே களைந்துவிட வேண்டும். வளைகுடா விசா ஸ்பான்சரின் விருப்பத்தில் நிற்பது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் கீழ் வரும் கணவனுக்கும் மனைவிக்கும் கிடைப்பது உரிமை. நிபந்தனைகள் நிறைவேறினால் அதிகாரி மறுக்க முடியாது. பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடியகல்வு அனுமதி தேவை) என்று இருப்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டியதில்லை. அந்த அனுமதி அரசு பட்டியலிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவோருக்கானது. ஐரோப்பிய ஒன்றிய நாடு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

துணைவர் தம் நாட்டை விட்டு வேறு ஐரோப்பிய நாட்டில் வசித்தால்

இந்த நிலையில் இருப்போருக்கான அடிப்படைச் சட்டம் 2004 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த 2004/38 எண் நெறியாணை. ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அனைத்தும் இதற்குக் கட்டுப்பட்டவை. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் இதைப் பின்பற்றுகின்றன. சுவிட்சர்லாந்து தனி ஒப்பந்தத்தின்படி 2002 ஜூன் 1 முதல் இதை ஒத்த உரிமைகளைத் தருகிறது.

நெறியாணையின்படி மனைவிக்கோ கணவனுக்கோ நுழைவு விசா கட்டணம் இல்லாமல், விரைந்து வழங்கப்பட வேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் இழுப்பது நியாயமல்ல என்று ஐரோப்பிய ஆணையம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. கேட்கக்கூடிய ஆவணங்களும் சிலவே: செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திருமணச் சான்று, ஐரோப்பியத் துணைவரின் குடியுரிமைக்கும் அவருடன் போவதற்கு அல்லது அவரிடம் போய்ச் சேர்வதற்கும் ஆதாரம். வங்கி இருப்பு, சம்பளச் சீட்டு, ஓட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட் ஆகியவை இந்த விசாவுக்குத் தேவையில்லை. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் விண்ணப்பப் படிவத்தை விரித்துப் பார்த்தாலே இது தெரியும். சில கட்டங்களின் பக்கத்தில் சிறிய நட்சத்திரக் குறி இருக்கும். வேலை, செலவுக்கான பணம் போன்றவற்றைக் கேட்கும் அந்தக் கட்டங்களை ஐரோப்பியக் குடிமக்களின் குடும்பத்தார் நிரப்ப வேண்டியதில்லை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. படிவத்தை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு வருவோர் இந்த நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை; சாதாரண டூரிஸ்ட் விண்ணப்பமாக நிரப்பி, 90 யூரோ கட்டணமும் கட்டி, வருமானம் போதாது என்று மறுப்பும் வாங்கிவிடுகிறார்கள். கட்டணமே இல்லாத விசாவுக்கு அன்னவாசலில் நகையை அடகு வைக்கும் நிலை வரக் கூடாது.

விசா நடுவங்கள் வாங்கும் சேவைக் கட்டணம் வேறு. நடுவத்தின் வழியாகப் போனால் அதைக் கட்டத்தான் வேண்டும். வேண்டாமென்றால் தூதரகத்திடமே நேரடியாக விண்ணப்பிக்கும் உரிமை இந்தப் பிரிவினருக்கு உண்டு.

முதல் 3 மாதங்களுக்குப் பாஸ்போர்ட்டைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. அதற்கு மேல் தங்க, ஐரோப்பியத் துணைவர் அந்த நாட்டில் வேலை பார்ப்பவராகவோ சொந்தத் தொழில் செய்பவராகவோ இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், அரசு உதவியை நாடாமல் வாழப் போதுமான வருவாயும் முழுமையான மருத்துவக் காப்பீடும் வேண்டும். போதுமான வருவாய்க்கு இவ்வளவு என்று ஒரே தொகையை நிர்ணயிக்க எந்த நாட்டுக்கும் அனுமதியில்லை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரரின் இந்திய மனைவிக்கு மொழித் தேர்வும் கிடையாது.

இந்த உரிமை எவ்வளவு வலுவானது என்பதற்கு ஓர் இந்தியரின் வழக்கே சாட்சி. சுரிந்தர் சிங் 1982இல் பிராட்ஃபோர்டில் ஒரு பிரிட்டிஷ் பெண்ணை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு, சொந்தத் தொழில் தொடங்க பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். பின்னர் பிரிட்டிஷ் அரசு அவரை வெளியேற்ற முனைந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 1992 ஜூலை 7 அன்று தீர்ப்பளித்தது: வேறு உறுப்பு நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் தாய்நாடு திரும்பும் குடிமகளின் கணவருக்கு, அயல்நாட்டில் கிடைத்திருக்கக்கூடிய உரிமைகளுக்குக் குறையாத உரிமைகள் தாய்நாட்டிலும் உண்டு. அன்று முதல் அந்த வழிக்கே சுரிந்தர் சிங் வழி என்று பெயர். வார இறுதிப் பயணங்கள் இதற்குப் போதாது. வேறு நாட்டில் 3 மாதத்துக்கு மேல் உண்மையாகக் குடும்பம் நடத்தியிருக்க வேண்டும் என்று 2014இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. டென்மார்க் 2002இல் தம்பதியர் இருவருக்கும் 24 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதித்தபோது, டேனிஷ் குடிமக்கள் பலர் பாலத்தைக் கடந்து ஸ்வீடனின் மால்மோவில் குடியேறித் துணையை வரவழைத்துக்கொண்டார்கள்.

2008 ஜூலை 25 அன்று அதே நீதிமன்றம் வழங்கிய மெட்டோக் தீர்ப்பும் முக்கியமானது. ஐரோப்பியக் குடியுரிமை இல்லாத கணவனோ மனைவியோ இதற்கு முன் வேறு ஐரோப்பிய நாட்டில் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்ற அயர்லாந்தின் நிபந்தனை அதில் செல்லாமல் போனது. ஆகவே அன்னவாசலிலிருந்து நேராகப் போகிறவருக்கும் இந்த உரிமை முழுமையாக உண்டு.

துணைவர் தம் சொந்த நாட்டிலேயே வசித்தால்

இங்கே நெறியாணை பொருந்தாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் சட்டம்.

பிரான்சைப் பொறுத்தவரை வேலை திருமணத்துக்கு முன்பே தொடங்குகிறது. இந்தியாவில் மணம் முடிக்கப்போகும் பிரெஞ்சுக் குடியுரிமையாளர், திருமணம் செய்துகொள்ளத் தடையில்லை என்ற சான்றை முன்கூட்டியே பிரெஞ்சுத் தூதரகத்தில் பெற வேண்டும். 2006 நவம்பரில் வந்த சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. திருமண அறிவிப்பு 10 நாள் ஒட்டப்படும். இருவரையும் நேரில் அழைத்துப் பேசுவதும் உண்டு. மணம் முடிந்ததும் அதைப் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் ஏற்றக் கோர வேண்டும். தமிழ்நாட்டில் நடந்த திருமணங்களுக்குப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம்தான் இடம். பதிவேறிய பிறகே நீண்டகால விசா. அதற்கும் கட்டணம் இல்லை. பிரான்ஸ் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அந்த விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். தடையில்லாச் சான்றை விட்டுவிட்டு அவசரமாகக் கல்யாணத்தை முடித்தவர்களுக்குப் பதிவேற்றும் கட்டத்தில் மாதக்கணக்கில் தாமதமாகிறது. பத்திரிகை அடிக்கக் கொடுக்குமுன் இந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.

ஜெர்மன் குடிமக்களின் துணைவருக்கு 2007 ஆகஸ்ட் முதல் தொடக்க நிலை ஜெர்மன் மொழிச் சான்று தேவை. ஏ1 என்று சொல்லப்படும் இந்தத் தேர்வைச் சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் எழுதலாம். கடை கண்ணிக்குப் போய்வரவும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பவும் போதுமான அளவு மொழிதான் அது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய பெண்களும் சில மாதம் ஊன்றிப் படித்துத் தேறலாம். நெதர்லாந்தும் 2006 முதல் தன் குடிமக்களின் துணைவருக்கு நாட்டுக்கு வருமுன்பே மொழி, சமூக அறிவுத் தேர்வு வைக்கிறது.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகி, இடைக்காலமும் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டது. ஜெர்மன், டச்சு, பிரெஞ்சுக் குடியுரிமையுடன் லண்டனிலும் லெஸ்டரிலும் குடியேறிய ஈழத்தமிழர் குடும்பங்களை இது நேரடியாகப் பாதிக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே நடந்த திருமணத்துக்குப் பழைய உரிமை தொடரும். பின்னர் நடந்ததற்குப் பிரிட்டனின் பொது விதிதான்: அங்கே இருப்பவருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் (2024 ஏப்ரல் 11 முதல்), செல்பவருக்குத் தொடக்க நிலை ஆங்கிலம், காசநோய்ப் பரிசோதனை, ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவ வரி.

துணைவர் ஐரோப்பாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஜெர்மனியில் நீல அட்டை என்ற வேலை அனுமதி வைத்திருக்கும் மென்பொருள் பொறியாளரின் மனைவிக்கு மொழிச் சான்று இல்லாமலே விசா உண்டு. அது தனிப் பிரிவு.

அன்னவாசலில் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் ஐரோப்பியச் சட்டத்தில் இல்லை. நம் ஊர்ச் சான்றிதழ்களில். அதிலும் பெயரில்.

தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஐரோப்பியக் கணினியோ குடும்பப் பெயர்க் கட்டம் நிரம்பாமல் நகராது. ‘கா.’ என்ற ஓர் எழுத்து பிறப்புச் சான்றிதழில் தந்தையின் முழுப் பெயராகவும், பள்ளிச் சான்றிதழில் வெறும் புள்ளியிட்ட எழுத்தாகவும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகவும் வரும். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு காகிதத்தில் ஒற்றை எம், இன்னொன்றில் இரட்டை எம். ஒன்றில் ஓ, மற்றதில் யு. மூன்று காகிதங்களில் ஒரே மனிதர் மூன்று ஆட்களாகத் தெரிவார். எனவே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அளவுகோலாக வைத்து, திருமணப் பதிவு விண்ணப்பத்தில் அதை எழுத்து பிசகாமல் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டே தவறென்றால் திருமணத்துக்கு முன்பே திருத்தி மறுவெளியீடு வாங்கிக்கொள்வது நல்லது. புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் திருச்சி மண்டல அலுவலகம். பெரிய வேறுபாடுகளுக்கு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வேண்டியிருக்கும்.

பிறப்புச் சான்றிதழ் சொந்த ஊரில் கிடைக்கும் என்று நினைத்து அலைவோர் உண்டு. பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு. பிரசவம் அன்னவாசலில் நடந்திருந்தால் பேரூராட்சி அலுவலகம்; தாயைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் புதுக்கோட்டை நகர அலுவலகம். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இல்லாமல் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் இருக்கும்; பெயரைச் சேர்த்த பிறகே அது பயன்படும். பதிவே இல்லாவிட்டால், கிடைக்கவில்லை என்ற சான்று வாங்கி, தாமதப் பதிவுக்கு உரிய ஆணை பெற வேண்டும். இதற்கு மாதங்கள் பிடிக்கும். நிச்சயதார்த்தத்தோடு தொடங்கிவிட வேண்டிய வேலை.

திருமணப் பத்திரிகை, கோயில் ரசீது, ஜமாத்தின் நிக்காஹ் பதிவு ஆகியவை மட்டும் தூதரகத்தில் செல்லாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தார் திருமணத்துக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. திருமணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள். மணமக்கள் வெவ்வேறு மதத்தார் என்றாலோ, ஐரோப்பியர் மதச் சடங்கு வேண்டாம் என்றாலோ சிறப்புத் திருமணச் சட்டம், 1954 இருக்கிறது. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருந்தால் போதும். அன்னவாசல்காரரின் இருப்பிடமே அதற்கு ஈடு செய்யும். ஆனால் அறிவிப்பு கொடுத்த பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு வார விடுமுறையில் வரும் ஐரோப்பியர் இந்தக் கணக்கைத் தெரியாமல் டிக்கெட் போட்டுவிட்டுத் தவிப்பது வழக்கமாகிவிட்டது. அவருடைய நாட்டிலிருந்து, மணமாகாதவர் என்ற சான்றும் கொண்டுவர வேண்டும்.

மறுமணம் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. பஞ்சாயத்தில் பேசி முத்திரைத்தாளில் எழுதிக்கொண்ட ‘தீர்த்துவிட்ட’ பத்திரத்தை எந்த ஐரோப்பிய நாடும் விவாகரத்தாக ஏற்காது. மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்தான குலாவுக்கு ஜமாத் கொடுக்கும் சான்றும் போதாது. அத்தகைய சான்றை வழங்கத் தனியார் அமைப்புக்கு அதிகாரமில்லை, குடும்பநல நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. முதல் மனைவி இருக்கும்போது நடந்த இரண்டாவது திருமணத்தை எந்த நாடும் அங்கீகரிக்க வேண்டியதில்லை.

சான்றிதழ்கள் தயாரானதும் அப்போஸ்டில் வாங்க வேண்டும். இது 1961 ஹேக் உடன்படிக்கையின்படி வழங்கப்படும் முத்திரை. இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. நோட்டரி, சென்னைத் தலைமைச் செயலகத்தின் உள்துறை, வெளியுறவு அமைச்சகம் என்று காகிதம் ஏறும். அமைச்சகத்தின் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய். அதற்கு மேல் வாங்குவதெல்லாம் இடையில் நிற்போரின் சேவைக் கட்டணம். ஜெர்மனி இந்தியாவின் அப்போஸ்டிலை ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக ஜெர்மன் தூதரகம் அமர்த்தும் வழக்கறிஞர் பதிவு அலுவலகத்திலும் தேவைப்பட்டால் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். யாரோ வந்து கல்யாணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பயந்து, தெரியாது என்று சொல்லிவிடும் பக்கத்து வீட்டாரால் விசா போகக்கூடும். முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

மாவட்டத்தின் தோப்புக்கொல்லை, அழியாநிலை, லேணாவிலக்கு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு நிலைமை கடினமானது. இந்தியப் பாஸ்போர்ட் அவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஆணையத்தில் இலங்கைப் பாஸ்போர்ட் பெற்று, இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதியும் வாங்க வேண்டும். ஐரோப்பியச் சட்டத்தில் அவர்களுக்கும் அதே உரிமைதான்; அதை எட்டுவதற்கு முன் ஏற வேண்டிய படிகள் கூடுதல்.

மறுப்பும் மேல்முறையீடும்

பெரியவர்கள் பேசி முடித்த திருமணத்தில் மணமக்கள் சந்தித்தது இரண்டொரு தடவைதான் இருக்கும். இதைப் பார்த்து, விசாவுக்காக நடந்த போலித் திருமணமோ என்று அதிகாரி ஐயப்படலாம். பெண்ணும் மாப்பிள்ளையும் மனமொத்துச் செய்துகொண்டால், பெற்றோர் ஏற்பாடு செய்த திருமணமும் உண்மையான திருமணமே. போலி என்று நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரியுடையது. இருவரையும் தனித்தனியே கேட்கும்போது உண்மையைச் சொன்னால் போதும். யார் பேசி முடித்தார்கள், நிச்சயம் எங்கே நடந்தது, அவர் என்ன வேலை, வீட்டில் யார் யார் என்பவை தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த காதல் கதையை ஒப்பிப்பதுதான் ஆபத்து.

திருமணத்தை மறைத்து டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையையும் ஏற்கக் கூடாது. பொய் வாக்குமூலம் கோப்பில் தங்கிவிடும். அடுத்த விண்ணப்பத்தில் அதுதான் முதலில் பேசும்.

மறுப்பு எழுத்தில், காரணத்துடன் வர வேண்டும். மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது. ஒன்றியச் சட்டத்தை ஒரு நாட்டின் அலுவலகம் மீறினால், சால்விட் என்ற ஐரோப்பிய அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

போய்ச் சேர்ந்த பிறகு

நெறியாணையின் கீழ் சென்றவர் 3 மாதத்துக்குப் பிறகு குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்ததும் ஒப்புகைச் சான்று, 6 மாதத்துக்குள் அட்டை. அட்டையின் காலம் பொதுவாக 5 ஆண்டு. வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம். பிரசவத்துக்குத் தாய்வீடு வருவோர் கணக்கில் வைக்க வேண்டியது, ஆண்டுக்கு 6 மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பது. பிரசவம், கடும் நோய் போன்ற முக்கியக் காரணத்துக்கு ஒரு தடவை தொடர்ந்து 12 மாதம்வரை இடமுண்டு. 5 ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தால் நிரந்தரக் குடியிருப்பு.

உறவு முறிந்தால் என்ன ஆகும் என்பதை ஊரை விட்டுப் போகுமுன்பே ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். துணைவர் இறந்துவிட்டால், அதற்கு முன் ஓராண்டாவது அங்கே குடும்பத்தாராக வாழ்ந்தவர் தங்கலாம். விவாகரத்து வழக்குத் தொடங்கும்போது திருமணம் 3 ஆண்டு நீடித்து, அதில் ஓராண்டு அந்த நாட்டில் கழிந்திருந்தால் உரிமை தொடரும். வீட்டு வன்முறைக்கு ஆளானவருக்கு இந்தக் கால வரம்பைப் பாராமலே தங்கும் உரிமையை நெறியாணை தருகிறது. ‘போலீசுக்குப் போனால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்று மிரட்டப்படும் பெண்கள் பொறுத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. மருத்துவச் சீட்டு, காவல் புகார் ஆகியவற்றின் நகலையும் பாஸ்போர்ட்டையும் தன் கைவசம் வைத்திருப்பது அவசியம். உள்நாட்டுச் சட்டத்தில் சென்றவருக்கு இந்தப் பாதுகாப்புகள் நாட்டுக்கு நாடு மாறும்.

பின்னாளில் ஐரோப்பியக் குடியுரிமை பெறுவோர் இந்தியக் குடியுரிமையை இழப்பார்கள். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, ஓசிஐ என்ற அயலகவாழ் இந்தியர் அட்டை வாங்கலாம். இந்தியரை மணந்த ஐரோப்பியரும், பதிவான திருமணம் 2 ஆண்டு நீடித்த பிறகு அதே அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஓசிஐ அட்டைக்காரர் விவசாய நிலம் வாங்க முடியாது. அன்னவாசலில் உள்ள பெற்றோரின் நஞ்சையும் புஞ்சையும் வாரிசு முறையில் அவருக்கு வந்து சேரத் தடையில்லை. பிறகு விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும்.